நானோடிராப் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சேலத்து மே மாத வெயிலில், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம். தெர்மாகோல் பெட்டி, ஐஸ், நடுவில் டியூப். அந்தப் பதினைந்து நிமிடத்தால் பெரிதாக ஒன்றும் கெடாது. வெட்டியெடுத்த கட்டி ட்ரேயில் கேட்பாரற்றுக் கிடக்கிறதே, அங்கேதான் நாங்கள் தேடும் ஆர்.என்.ஏ. (மரபணுச் செய்தியைச் சுமக்கும் நீள இழை) நொறுங்குகிறது. வெட்டிய நேரம், ஆர்.என்.ஏ.லேட்டரில் (ஆர்.என்.ஏ.வைக் கெடாமல் காக்கும் திரவம்) போட்ட நேரம் இரண்டையும் டியூப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் திரவம் உள்ளே இறங்காது. நடுவில் செத்துப்போன சதை இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்குக் கண்ணால் பார்த்துப் பிரிக்கத் தெரியாது. அதனால் பக்கத்துத் துண்டை ஸ்லைடாக்கி நோயியல் மருத்துவரிடம் காட்டிவிடுவேன்.

ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்ததும் எல்லோரும் நானோடிராப்புக்கு, அதாவது ஒரு சொட்டில் ஒளியைச் செலுத்தி அளவும் தூய்மையும் பார்க்கும் கருவிக்கு ஓடுவார்கள். நானும் ஓடியவள்தான். முதல் மாதிரியிலேயே 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதம்) தூய ஆர்.என்.ஏ.வுக்குரிய 2.0 வந்ததும் அண்ணனுக்கு போன் போட்டுச் சொன்னேன். சாயங்காலம் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் கொடுத்து ஓட்டினால் கோடே இல்லை, கீழே வெறும் தீற்றல். சேமியா பாக்கெட்டுக்குள் நொறுங்கினாலும் தராசில் எடை அதேதானே? நானோடிராப் அந்தத் தராசு மாதிரி. புரதம் கலந்திருக்கிறதா, உப்பு மிஞ்சியிருக்கிறதா என்று சொல்லும், நீளத்தைச் சொல்லாது. 260/230 விகிதம் 1.8-க்கு ரொம்பக் கீழே போனால் பெரும்பாலும் பிரித்தெடுக்கும் திரவத்திலிருந்து மிஞ்சிய குவானிடின் உப்பு. எத்தனாலில் இன்னொரு முறை கழுவுங்கள்.

நீளம் தெரிய, 1 சதவீத அகரோஸ் ஜெல் போதும். உருக்குவதற்கு முன் 100 மி.லி.க்கு 1 மி.லி. வாசனை சேர்க்காத ப்ளீச் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், ஆர்.என்.ஏ.வைத் தின்னும் நொதி ஒழியும். ஆட்டோகிளேவை மட்டும் நம்பாதீர்கள், அந்த நொதி சூட்டுக்கு அசராது. மேலே 28எஸ், கீழே 18எஸ் என இரண்டு கோடுகள் தெரிய வேண்டும், இரண்டும் செல்லின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.க்கள். முன்னது ஏறத்தாழ 5,000 எழுத்து (நியூக்ளியோடைடு) நீளம், பின்னது 1,900. அதனால் மேல்கோடு சுமார் இரு மடங்கு பளிச்சென்று இருந்தால் நல்ல மாதிரி.

ஆர்.என்.ஏ. துண்டுகளின் நீளத்தை அளக்கும் பயோஅனலைசர் கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பினால் 1 முதல் 10 வரை ரின் எண் வரும், அது எவ்வளவு நொறுங்காமல் இருக்கிறது என்பதற்கான மதிப்பெண், 10 என்றால் முழுசு. வரிசைமுறைப்படுத்தலுக்கு 7-க்கு மேல் என்றால் கவலையில்லை. ஃபார்மலினில் ஊறி மெழுகில் பதித்த பழைய பிளாக்குக்கு ரின் எப்போதும் பரிதாபமாகத்தான் வரும், அதைப் பார்த்து பிளாக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டி.வி.200 கேளுங்கள்: 200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள துண்டுகளின் சதவீதம். 30-க்குக் கீழே என்றால் அதற்குப் பணம் செலவழிக்காதீர்கள், அதே பிளாக்கில் வேறு இடத்தில் வெட்டிப் பாருங்கள்.