சேர்ந்து சைக்கிளில் போகும் நாளைக் கெடுக்கும் தவறுகள்

மேட்டின் உச்சியில், முன்னால் போனவர்கள் எல்லோரும் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்து, கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்கிறார். “சரி, வந்தாச்சு, கிளம்பலாம்” என்று உடனே எல்லோரும் பெடலில் காலை வைக்கிறார்கள். தேவையே இல்லாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, மிகவும் தேவைப்பட்டவருக்கு ஒன்றுமே இல்லை. நண்பர்களாகச் சேர்ந்து கிராமப்புறச் சாலைகளில் ஒரு நாள் சுற்றிவரலாம் என்று கிளம்பும் குழுக்களில் அடிக்கடி நடக்கும் தவறு இது. முன்னால் போகிறவர்கள் யாருக்கும் இது தவறாகவே தெரியாது என்பதால் அடுத்த மேட்டிலும் நடக்கும்.

ஓய்வு நேரம் என்பது கடைசி ஆள் வந்து காலை ஊன்றிய பிறகுதான் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். “உங்களுக்கு ஓகேவா?” என்று அவரிடம் கேட்பது மரியாதையாகத் தோன்றும், ஆனால் பத்துப் பேர் காத்து நிற்கும்போது யாராக இருந்தாலும் “நான் ரெடி” என்றுதான் சொல்வார். அவரைக் கேட்க வேண்டாம். நீங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருங்கள். அவர் தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, தானாகச் சைக்கிளை எடுக்கட்டும்.

வேகத்திலும் இதே கதைதான். காலையில் கால்கள் புதிதாக இருக்கும், காற்றும் இதமாக இருக்கும், முதல் அரை மணி நேரம் எல்லோரும் பறப்பார்கள். முன்னால் இருப்பவரைக் கேட்டால் “கொஞ்சம்தான் கூட்டினேன்” என்பார். சைக்கிளில் அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். காற்றைத் தள்ளிக்கொண்டு போகத் தேவைப்படும் சக்தி, வேகத்தின் கன விகிதத்தில் ஏறுகிறது. காற்று வீசாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகக் காற்றுக்காக எவ்வளவு சக்தி செலவாகிறதோ, 25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு வேண்டும். பலசாலிக்கு அது சுகமான உழைப்பு. மெலிந்த காலுக்கு அது மதியத்துக்குள் தீர்ந்துபோகும் சேமிப்பு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவருக்குப் பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் காற்றின் எதிர்ப்பு கணிசமாகக் குறைகிறது. குழுவோடு ஒட்டியிருக்கும்வரை சமாளித்துக்கொண்டிருந்த புதியவர், இருபது முப்பது மீட்டர் பின்தங்கியதும் அந்த மறைப்பை இழக்கிறார். அப்போது அதே வேகத்துக்கு அவர் கூடுதலாக மிதிக்க வேண்டும். மிதிக்க முடியாததால்தானே பின்தங்கினார்! இடைவெளி கூடிக்கொண்டே போகும். அதனால் புதியவரை “மெதுவா பின்னால வாங்க” என்று வாலில் விடுவதுதான் அவருக்குச் செய்யும் பெரிய கெடுதல். வளைவிலும் மேட்டிலும் முன்னால் இருப்பவர்கள் வேகம் குறைத்து, தாண்டியதும் கூட்டுவார்கள்; அந்த இழுபறி முழுவதும் வால் பக்கம்தான் போய்ச் சேரும், கடைசியில் இருப்பவர் ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் விரட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். அவரை இரண்டாவது, மூன்றாவது இடத்தில், அகன்ற தோள்காரர் ஒருவருக்குப் பின்னால் வையுங்கள். வாலில் இருக்க வேண்டியவர் நன்றாக மிதிக்கத் தெரிந்தவர், அவசரப்படாதவர், கையில் பஞ்சர் சாமான்கள் உள்ளவர்.

வேகம் சரியா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. புதியவரால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று கவனியுங்கள். பதில்கள் “ம்”, “ஆமா” என்று சுருங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பேசிக்கொண்டு போகத்தானே கிளம்பினோம். ஜோடியாகப் போகும்போது ஒரு சிலர் தங்களுக்கே தெரியாமல் பக்கத்தில் இருப்பவரைவிட அரைச் சக்கரம் முன்னால் இருப்பார்கள். பக்கத்து ஆள் எட்டிப் பிடித்தால் இவர் மறுபடி அரைச் சக்கரம் முன்னால். யாரும் பந்தயம் என்று சொல்லாமலே பந்தயம் நடந்துவிடும். ஹேண்டில்பாருக்கு ஹேண்டில்பார் நேராக வைத்துக்கொள்வது பேச்சுக்கும் நல்லது.

கிலோமீட்டரை மட்டும் பார்த்துத் திட்டம் போடுவது

“60 கிலோமீட்டர்தானே, மணிக்கு 20 வைத்தால் மூன்று மணி நேரம்” என்ற கணக்கு தாளில்தான் சரியாக வரும். 20 என்பது சக்கரம் சுழலும்போது காட்டும் வேகம். பேசிக்கொண்டு போகும் கலவையான குழுவுக்கு 15 கிலோமீட்டர் சராசரியே நல்ல கணக்கு. அதுவே நான்கு மணி நேரம். அப்புறம் சாப்பாடு, படம், இயற்கை உபாதை, ஒரு பஞ்சர், “அந்தக் குளத்தைப் பார்த்துட்டுப் போலாமே”. ஆறிலிருந்து ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியதில்லை. ஆள் எண்ணிக்கை கூடக் கூட நிற்கும் நேரமும் கூடும். ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் தோன்றாது.

தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளை அடிக்கும். மொத்த ஏற்றம் 200 மீட்டர் உள்ள 60 கிலோமீட்டரும், 1000 மீட்டர் உள்ள 60 கிலோமீட்டரும் இரண்டு வேறு நாட்கள். வரைபடச் செயலியில் பாதையை வரையும்போது ஏற்ற இறக்கக் கோடும் தெரியும்; பெரிய மேடு பயணத்தின் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், அதே வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றலாமா என்று யோசியுங்கள்.

காற்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். காலையில் பின்காற்றில் மிதந்து போய், மாலையில் களைத்த காலோடு எதிர்க்காற்றில் திரும்புவது தண்டனை. நிலப்பகுதியில் தரை சூடேறச் சூடேறக் காற்றும் வலுக்கும் என்பதால், மதியத்துக்கு மேல் அது காலையில் இருந்ததைவிடப் பெரும்பாலும் பலமாகவே இருக்கும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று அமைத்துக்கொண்டால் நாளின் முடிவில் எல்லோருக்கும் தாங்கள் நல்ல சைக்கிள்காரர்கள் என்ற எண்ணம் வரும். அது பாதி பொய்யாக இருந்தால் என்ன.

செயலி காட்டும் பாதையை அப்படியே நம்பாதீர்கள். சுருக்கு வழி என்று அது காட்டுவது வயல் நடுவே போகும் மண் தடமாக இருக்கலாம், மழைக்குப் பிறகு சேறாக இருக்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பாதை ஒரே ஒருவரின் போனில் மட்டும் இருப்பது அதைவிட மோசமான தவறு. அவர் போன் அணைந்தால் எல்லோரும் வழி தெரியாதவர்கள். சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கும்படி எல்லோரும் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சந்திப்புகளில்தான் ஆட்கள் தொலைகிறார்கள். நேர்ச்சாலையில் எவ்வளவு பின்தங்கினாலும் வந்து சேர்ந்துவிடுவார்கள். திருப்பத்தில் யாரும் நிற்காவிட்டால் நேராகப் போய்விடுவார்கள். எளிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் வழிகாட்டிக்கு அடுத்து வருகிறவர் அங்கேயே நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்ட வேண்டும். வால் ஆள் வந்ததும் அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த திருப்பத்துக்கு அடுத்தவர். இதனால் ஆட்கள் தானாக இடம் மாறி, எல்லோரும் எல்லோரோடும் கொஞ்ச நேரம் பேசிவிடுவார்கள் என்பது உபரி லாபம்.

ஒட்டிப் போகும்போது

குழு விபத்துகளில் பல, கார்களால் அல்ல, முன்னால் போகும் நண்பரின் பின்சக்கரத்தால் நேர்கின்றன. உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கும்படி ஓட்டுவது மிக ஆபத்தான பழக்கம். அவர் ஒரு குழியைத் தவிர்க்கச் சற்று விலகினால் சக்கரங்கள் உரசும். அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முன்சக்கரம் உரசியவர்தான் விழுவார், ஏனென்றால் சமநிலை என்பது முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொள்வது, உரசிய நொடியில் அது கையை விட்டுப் போய்விடுகிறது. பழக்கமில்லாத குழுவில் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். காற்று மறைப்பு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கும் கணத்தில் சைக்கிள் ஒரு சாண் பின்னால் வருவதுபோல் ஆகும். எழும் முன் ஒரு குரல் கொடுங்கள், அழுத்தத்தை விடாமல் எழுங்கள். அழகான காட்சி கண்ணில் பட்டதும் பிரேக்கைப் பிடிப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? “நிக்கிறேன்” என்று கத்திவிட்டு, ஓரம் ஒதுங்கி, அப்புறம் நில்லுங்கள். குழி, மணல், கண்ணாடித் துண்டு, பின்னால் வண்டி என எல்லாமே குரலாலும் கையாலும் பின்னோக்கிக் கடத்தப்பட வேண்டும், கடைசி ஆளுக்கு முன்னால் எதுவும் தெரியாது. காதில் பாட்டுக் கருவி மாட்டியவரிடம் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுக்கத் தயங்குகிறவர் கை காட்டவே வேண்டாம், குரல் போதும்.

இருபது பேர் ஒரே கோர்வையாகப் போவது பார்க்க அழகு. பின்னால் வரும் ஓட்டுநருக்கு அது முந்தவே முடியாத நீளம். பொறுமை இழந்து முந்தி, எதிரில் வண்டி வந்ததும் குழுவுக்குள் நுழைவார். ஆறு, எட்டுப் பேராகப் பிரிந்து, நடுவே ஒரு வண்டி வந்து நிற்கும் அளவுக்காவது இடைவெளி விட்டுப் போங்கள். இருவர் பக்கம் பக்கமாகப் போவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், அதைத் தெரிந்துகொள்ளுங்கள். எங்கேயானாலும் குறுகிய சாலையிலும் எதிர்ப்பக்கம் தெரியாத வளைவிலும் ஒற்றை வரிசைதான். நிற்கும்போது எல்லோரும் சாலையை விட்டு முழுவதுமாக இறங்குங்கள். பேச்சு சுவாரசியத்தில் பாதிச் சாலையில் வட்டம் போட்டு நிற்கும் குழு எல்லா ஊரிலும் உண்டு.

இறக்கத்தில் வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வயல்வெளிச் சாலைகளில் வளைவின் ஓரத்தில்தான் மணலும், டிராக்டர் சக்கரத்திலிருந்து உதிர்ந்த சேறும் குவிந்திருக்கும். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் டயர் சிக்கும். ஆடுமாடுகளையும் குதிரையையும் பின்னாலிருந்து மணியடித்து விரட்டாதீர்கள். தூரத்திலிருந்தே சாதாரணக் குரலில் பேசிக்கொண்டு மெதுவாகப் போனால் அவை மிரளாது. வேலிக் கதவு ஏதாவது திறந்தால், அது எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

பஞ்சர்

எட்டுப் பேர் குனிந்து ஆலோசனை சொல்ல, ஒருவர் அவசரமாகப் புது ட்யூபை மாட்டி, காற்றடித்து, இரண்டு கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். முள் டயரிலேயே இருந்திருக்கும். ட்யூபை எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, டயரின் உட்புறத்தை விரலால் நிதானமாக, ஜாக்கிரதையாகத் தடவிப் பார்ப்பது. ட்யூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால் டயரில் எந்த இடத்தில் தேட வேண்டும் என்றும் தெரிந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள் அல்ல, காற்று குறைவாக இருந்து குழியில் இடித்து ட்யூப் நசுங்கியிருக்கிறது. அப்போது தேடி நேரத்தை வீணாக்காமல் காற்றைச் சரியான அளவுக்கு அடியுங்கள். டயரின் பக்கச் சுவரிலேயே அளவு அச்சிட்டிருக்கும்.

குழுவில் யாரிடமாவது ட்யூப் இருக்கும் என்று நம்பி வருவது இன்னொன்று. இருக்கும், ஆனால் உங்கள் சக்கரத்தின் அளவில் இருக்காது. வால்விலும் தடித்தது, மெல்லியது என்று இரண்டு வகை பரவலாக இருப்பதால், ஒருவரின் பம்ப் இன்னொருவரின் வால்வில் உட்காராமல் போகலாம். அவரவர் அளவு ட்யூபை அவரவர் கொண்டுவர வேண்டும். பம்ப் இரண்டு வகைக்கும் பொருந்துகிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

உடம்பு

பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். தசையிலும் ஈரலிலும் சேமித்த மாவுச்சத்து கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்துக்குள் வெகுவாகக் குறைந்துவிடும், பிறகு எதைத் தின்றாலும் காலுக்கு எட்டக் கொஞ்ச நேரமாகும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் அவ்வப்போது கொறித்துக்கொண்டே போவது நல்லது. வெயிலில் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், நிறைய வியர்த்தால் உப்பும். மேட்டுக்குச் சற்று முன்னால் வயிறு நிறையச் சாப்பிடும் இடத்தை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

புதுச் சீட், புது ஷூ, புது உடை எதையும் அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். அடியில் மெத்தை வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத இந்த விஷயத்தால் எத்தனையோ பேர் தொடை உரசி அவதிப்படுகிறார்கள். சீட் தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கும். குதிகாலைப் பெடலின் கீழ்ப்புள்ளியில் வைக்கும்போது கால் நேராக நிமிர்ந்தால் உயரம் ஏறக்குறைய சரி. ஆஸ்துமாவோ சர்க்கரை நோயோ இருப்பவர், மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்று கூட வருகிறவர் ஒருவரிடமாவது சொல்லிவைக்க வேண்டும்.

கடைசிப் பத்துக் கிலோமீட்டரில் பழகிய சாலை வந்ததும் இரண்டு பேருக்கு வீறு வந்துவிடும். கவனம் களைத்திருக்கும் நேரம் அது, போக்குவரத்தும் கூடியிருக்கும். போகத்தான் வேண்டுமென்றால் அவர்கள் தனியாகப் போகட்டும், குழு பின்னால் ஓட வேண்டியதில்லை. வீடு அருகில் இருக்கிறது என்று நடுவழியில் பிரிகிறவர்கள் வால் ஆளிடம் சொல்லிவிட்டே பிரியுங்கள். சொல்லாமல் போனால், நீங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு பேர் உங்களைத் தேடி வந்த வழியே திரும்ப மிதித்துக்கொண்டிருப்பார்கள்.