சிலிக்காவில் ஏறிய புரதத்தை அளப்பது எப்படி?

கரைசலில் உள்ள புரதம் சிலிக்காத் துகள்களின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய புரதத்தை நேரடியாக அளக்க விலையுயர்ந்த கருவிகள் உண்டு. ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது துகள்களை அடியில் படியவைக்கும் மைய விலக்கியையும், கரைசல் எவ்வளவு ஒளியை உட்கவர்கிறது என்று காட்டும் நிறமாலைமானியையும்தான். கரைசலில் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு பரப்பில் ஏறியது, கணக்கு அவ்வளவுதான். ஆனால் குறைந்ததையெல்லாம் சிலிக்காதான் எடுத்துக்கொண்டது என்று உறுதி செய்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

முட்டை வெள்ளைக்கருவில் உள்ள லைசோசைம் என்ற புரதத்திலிருந்து தொடங்குங்கள். பி.எச். சுமார் 11 வரை அது நேர்மின்சுமையோடு இருக்கும். சிலிக்காவோ பி.எச். 3-ஐத் தாண்டினாலே எதிர்மின்சுமை கொள்ளும். எனவே பி.எச். 7-இல் இரண்டும் தயக்கமின்றிச் சேரும். நுண்துளை இல்லாத துகள்களையே வாங்குங்கள். துகள்களின் பரப்பளவை நைட்ரஜன் வாயுவை ஒட்டவைத்து அளப்பதால், அது நுழையும் நுண்துளைகளெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும்; 3 நானோமீட்டருக்குக் குறையாத புரதம் அவற்றுள் நுழையாது.

எடை போடுமுன் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். கிராமுக்கு 50 சதுர மீட்டர் பரப்புள்ள சிலிக்கா 2 மில்லிகிராம் எடுத்தால் பரப்பு 0.1 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 2 மில்லிகிராம் ஏறுவதாக வைத்தால் இழப்பு 0.2 மில்லிகிராம். 1 மில்லிலிட்டரில் 0.5 மில்லிகிராம் லைசோசைம் இருந்தால் 280 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தலின் அளவீடு சுமார் 1.3-இலிருந்து 0.8-க்கு இறங்கும், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சிலிக்காவைப் பத்தில் ஒரு பங்காக்கினால் இழப்பு 4 விழுக்காடுதான். பிப்பெட்டின் பிழையே அதை விழுங்கிவிடும்.

ஒவ்வொரு தொகுதியிலும் மூன்று வகைக் குழாய்கள் வேண்டும்: புரதமும் சிலிக்காவும், புரதம் மட்டும், சிலிக்கா மட்டும். இரண்டாவதைத் தவிர்ப்பவர்களோடு எனக்கு ஓயாத சண்டை. பிளாஸ்டிக் சுவரும் புரதத்தைப் பிடிக்கும். நீர்த்த கரைசலில் அது சிறிய அளவல்ல. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரம் மெல்லச் சுழலவிட்டு, மைய விலக்கியில் படியவைத்து, மேல் தெளிவை அடிமண்டி கலங்காமல் எடுங்கள். 280-இல் அளக்கும்போதே 350 நானோமீட்டரிலும் பாருங்கள். லைசோசைம் அங்கே ஒளியை உட்கவராது. ஏதாவது தெரிந்தால் மிச்சத் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன, மைய விலக்கியில் மீண்டும் சுழற்றுங்கள்.

பி.எச்.-ஐ மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலாக 10 மில்லிமோலார் டிரிஸ் போதும். பாஸ்பேட்டைப் பழக்கத்தால் ஊற்றாதீர்கள். சிலிக்காவில் அது பெரிய தொல்லையல்ல. ஆனால் அடுத்து டைட்டானியம் டை ஆக்சைடுக்கோ அலுமினாவுக்கோ போனால், பாஸ்பேட் அங்கே இறுகப் பிணைந்து புரதத்தோடு இடத்துக்குப் போட்டியிடும். உப்பைக் கூட்டினால் மின்சுமைகளின் இழுப்பு மங்கும். உப்பு 10 மில்லிமோலாரிலும் 150 மில்லிமோலாரிலும் இருக்கும்போது அளந்து பார்த்தால், ஒட்டலில் மின்விசையின் பங்கு தெரியவரும்.

பிறகு ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் போடுங்கள். பி.எச். 7-இல் அதுவும் எதிர்மின்சுமை உடையது, ஆனாலும் ஓரளவு ஏறும். லைசோசைம் விறைப்பான மூலக்கூறு. ஆல்புமின் பரப்பைத் தொட்டதும் நெகிழ்ந்து உருமாறக்கூடியது, அந்த மாற்றமே ஒட்டலுக்குத் துணைபோகும். பி.எச். 5-க்கு அருகே, நிகரச் சுமை சுழியாகும் இடத்தில், பெரும்பாலும் உச்சம் கிடைக்கும்.

பல செறிவுகளில் அளந்து வரைபடம் போட்டால், கரைசலின் செறிவையும் ஒட்டிய அளவையும் இணைக்கும் லாங்முயர் சமன்பாடு உங்கள் புள்ளிகள் மேல் அழகாகப் படியும். படியட்டும். ஆனால் ஒட்டிய புரதம் மீண்டும் கரைசலுக்குத் திரும்பக்கூடியது என்று அந்தச் சமன்பாடு எடுத்துக்கொள்கிறது. மேல் தெளிவை நீக்கி, அதே அளவு வெறும் தாங்கலை ஊற்றி, மறுநாள் அளந்து பாருங்கள். புரதம் வெளியே வரவில்லையென்றால் உச்ச மதிப்பை மட்டும் எழுதுங்கள், ஒட்டலின் வலிமையைச் சொல்லும் பிணைப்பு மாறிலியை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள்.