மலை இறங்கும் முன் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள்

காரில் பிரேக் பெடலை மிதித்ததும், அதோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் என்ற குழாயில் ஏறும் அழுத்தம், பிரேக் ஆயில் வழியாக நான்கு சக்கரங்களுக்கும் போகிறது. திரவம் லேசில் சுருங்காது, அதனால்தான் இது வேலை செய்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகையில் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடலாம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு, 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியபடியே வந்தால் அந்தச் சூடு வரும். ஆயில் கொதித்து வரும் ஆவிக் குமிழிகள், திரவம் போலில்லாமல் எளிதில் சுருங்க, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது போடச் சொல்லுங்கள். குறைந்ததை மட்டும் நிரப்பினால் ஈரம் அப்படியேதான் இருக்கும். அப்புறம், இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர்தான்.