கண்டல் நடுமுன் சேற்றைப் பாருங்கள்

சில வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில் நாங்கள் சிலர் கூடி, உவர்ச்சேற்றில் வளரும் கண்டல் மரத்தின் காய்களை நட்டோம். மாரியில் தளிர்த்தவை ஆடிக்குள் கருகிவிட்டன. மண்ணைப் பார்க்காமல் நட்டதுதான் பிழை. நீங்கள் பார்த்துவிட்டு நடுங்கள்.

1. கடல்நீர் வற்றும் நேரத்தில் போங்கள். நீர் விளிம்பிலிருந்து மேட்டை நோக்கி ஒரே கோட்டில் நடந்து, நாளும் நீர் ஏறும் இடத்திலும் எப்போதாவது நனையும் இடத்திலும் தடி நடுங்கள். இங்கே வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் ஒரு சாண் மேடும் பெரிய வித்தியாசம்தான்.

2. ஒவ்வொரு தடியருகிலும் ஒரு முழம் தோண்டுங்கள். மண் கறுத்து, கூழ்முட்டை மணம் வந்தால் உள்ளே காற்றில்லை. பயப்படவேண்டாம், கண்டலைப் போலவே உவர்ச்சேற்றில் வளரும் கண்ணா மரம் பென்சில் போன்ற மூச்சுவேர்களை மேலே நீட்டிச் சமாளிக்கும்.

3. மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறாகத் திரண்டால் களி, உதிர்ந்தால் மணல். முட்டுவேர் ஊன்றும் கண்டலுக்கு மெத்தென்ற சேறு நல்லது.

4. இதுதான் முக்கியம்: உப்பு. குழியில் ஊறும் நீரை உப்புமானியில் பாருங்கள். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. வற்றாத ஆறு குடாநாட்டில் இல்லை, மழையும் பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் மேட்டுநீர் ஆவியாகி, குழிநீர் கடலைவிட உவர்த்துவிடும். கண்டல் உப்பை வேரிலேயே வடிகட்டும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நாங்கள் நட்ட இடம் அந்த எல்லையைத் தாண்டியது. கண்ணாவோ உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றும். ஓர் இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். அதனால்தான் அது விளிம்பிலும் நிற்கிறது, பின்னாலுள்ள உவர்த்தறையிலும் நிற்கிறது. சரி, மாரியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை என இரண்டு தடவை அளந்தால்தான் கணக்குச் சரிவரும்.

5. நிற்கும் மரங்களோடு ஒப்பிடுங்கள். மழைநீர் வந்து சேரும் தரைப்பக்கத்தில் தில்லை மரம் இருக்கலாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடிக்கவேண்டாம். உமரிப் பூண்டு மட்டும் படர்ந்த வெள்ளை உப்புத் தறையை அப்படியே விட்டுவிடுங்கள்.

6. நீரோட்டத்தை மறித்த பழைய வரம்பு ஏதும் உண்டா என்று தேடுங்கள். இருந்தால், உரியவர்களிடம் கேட்டு முதலில் அதைத் திறக்க வழி பாருங்கள். உப்பு கழுவப்பட்டால் கண்ணாக் காய்கள் தாமே மிதந்து வந்து முளைக்கும்.