ஸ்பெயின் விமானநிலையத்துக்கான ஸ்பானியச் சொற்கள்: தமிழ் நாவுக்கு ஏற்ற செய்முறை

குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், களியக்காவிளை, குழித்துறை வட்டாரத்தில் இருந்து வெளிநாடு செல்வோருக்குத் திருவனந்தபுரமே பக்கத்து விமானநிலையம். அங்கிருந்து தோஹாவிலோ துபாயிலோ விமானம் மாறி மாட்ரிட் சேரலாம். மாட்ரிட்டின் பலகைகளில் ஆங்கிலமும் உண்டு. எனினும் ஊழியரிடம் பேசும்போதும், சிறிய ஊர்களுக்கு மாறிச் செல்லும்போதும், பெட்டி வந்து சேராதபோதும் சில ஸ்பானியச் சொற்கள் கைகொடுக்கும். அவற்றை ஆங்கில உச்சரிப்பின் வழியாகப் பழகுவதைவிட நம் நாவின் வழக்கப்படியே பழகுவது எளிது என்பது என் கருத்து.

படி 1: ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலப் பழக்கத்தால் நாம் ‘ட’ என்று படிக்கும் இடங்களில் ஸ்பானியர் பல்லைத் தொட்டு ‘த’ என்கின்றனர். ‘சலீதா’ (புறப்பாடு) என்பதன் ‘தா’ நம் ‘அது’ போல மென்மையாகவும், ‘மலேத்தா’ (பெட்டி) என்பதன் ‘த்தா’ நம் ‘அத்தை’ போல அழுத்தமாகவும் ஒலிக்கும். ஆகவே இங்குள்ள சொற்களை இயல்பான தமிழாகவே வாசிக்கலாம். சொல்லின் முதலில் வரும் ‘க’, ‘த’, ‘ப’ ஆகியவை மட்டும் சிறிது குழப்பும்: எடுத்துக்காட்டாக, ‘புவேலோ’ (விமானப் பயணம்) ‘பலம்’ போலவும், ‘புவெர்த்தா’ (வாயில்) ‘பல்’ போலவும் தொடங்கும். மலையாளம் எழுதத் தெரிந்தவர்கள் அந்த எழுத்தில் குறித்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இராது. ‘ஜே’ என்ற எழுத்து ‘ஹ’ ஆகவும், இரட்டை ‘எல்’ பெரும்பாலும் ‘ய’ ஆகவும் ஒலிக்கும், ‘ஹெச்’ ஒலிக்காது.

படி 2: பலகை

‘சலீதாஸ்’ புறப்பாடுகள், ‘யெகாதாஸ்’ வருகைகள். விமானத்தின் நேரத்துக்கு எதிரே ‘றெத்ரசாதோ’ என்று இருந்தால் தாமதம். ‘கான்ஸெலாதோ’ என்றால் ரத்து.

படி 3: வாயிலின் எழுத்தும் எண்ணும்

மாட்ரிட்டில் 2006இல் திறக்கப்பட்ட நான்காம் முனையத்தின் வாயில்கள் ஹெச், ஜே, கே என்ற எழுத்துகளால் அறியப்படுகின்றன. அவற்றை ஸ்பானியர் முறையே ‘ஆச்சே’, ‘ஹோத்தா’, ‘கா’ என்பதால், ‘ஹோத்தா’ என்று கேட்டவர் ஹெச் வாயிலை நோக்கி ஓடிவிட வாய்ப்புண்டு. எண்களில் 60 ‘சேசென்த்தா’, 70 ‘சேத்தென்த்தா’. இவ்விரண்டையும் பலமுறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். வழி கேட்க: “தோந்தே எஸ்த்தா லா புவெர்த்தா கா?” (கே வாயில் எங்கே இருக்கிறது?)

படி 4: பெட்டி ஒப்படைக்கும் இடம்

இவ்விடத்துக்கு ஸ்பெயினில் ‘ஃபக்துரஸியோன்’ என்று பெயர். கைப்பை ‘எக்கிப்பாஹே தே மானோ’. விமானத்தில் ஏறுவதற்கான சீட்டை ஸ்பெயினில் ‘தர்ஹேத்தா தே எம்பார்க்கே’ என்றும், மெக்சிகோவில் ‘பாசே தே அபோர்தார்’ என்றும் சொல்வர். சன்னலோர இருக்கை வேண்டுமானால் ‘பென்த்தானீயா’, நடைவழி ஓரம் வேண்டுமானால் ‘பசீயோ’ என்ற ஒற்றைச் சொல்லுடன் ‘போர் ஃபவோர்’ (தயவுசெய்து) என்று சேர்த்தால் போதும்; முழு வாக்கியம் அமைக்கத் தடுமாற வேண்டியதில்லை.

படி 5: கடவுச்சீட்டுச் சோதனை

எதற்காக வந்தீர்கள் என்ற கேள்விக்குச் சுற்றுலா என்றால் ‘துரீஸ்மோ’, வேலை என்றால் ‘த்ரபாஹோ’. இரண்டு வாரம் தங்குவோர் ‘கின்ஸே தீயாஸ்’ (15 நாள்) என்று சொல்வதே அங்குள்ள வழக்கம்.

படி 6: பெட்டி வரவில்லை என்றால்

இரண்டு, மூன்று விமானம் மாறிச் செல்லும் நம்மவர்கள் மற்ற எதைவிடவும் இந்தப் படியை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். பெட்டிகள் சுழன்று வரும் பட்டை ‘ஸின்த்தா’. அது நின்ற பிறகும் பெட்டியைக் காணவில்லை என்றால், சுங்கத்தை (அதுவானா) கடந்து வெளியேறுவதற்கு முன்பே உரிய முகப்பில், “மி மலேத்தா நோ ஆ யெகாதோ” (என் பெட்டி வந்து சேரவில்லை) என்று சொல்லுங்கள். பலகையில் படித்த ‘யெகாதாஸ்’ இங்கே ‘யெகாதோ’ என்று வருவதால் நினைவில் நிற்பது கடினமன்று. அங்கே பெட்டி வராததைக் குறிக்கும் ‘பி.ஐ.ஆர்.’ எனப்படும் அறிக்கையைப் பதிவு செய்து, அதன் குறிப்பெண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் அதைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிட வேண்டும். பெட்டியின் அடையாளம் கேட்பார்கள் என்பதால் நிறங்களையும் கற்றுச் செல்லுங்கள்: கறுப்பு ‘நேக்ரா’, சிவப்பு ‘றோஹா’, நீலம் ‘அஸூல்’. பெரிய பெட்டி என்பதற்கு ‘க்ராந்தே’ என்று சொல்லலாம். தங்குமிடத்தின் முகவரியை மட்டும் வாயால் சொல்ல முயலாமல், எழுதிய தாளை நீட்டி, “மி திரெக்ஸியோன்” (என் முகவரி) என்று சொல்லுங்கள்.