ஏப்ரலில் பணம் கட்டி, ஆகஸ்ட்டில் முழிக்காமல் இருக்க

பிளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாளே காலைப் பேப்பருக்குள்ளிருந்து நோட்டீஸ்கள் விழ ஆரம்பித்துவிடும். டேலி, டைப்ரைட்டிங், ஸ்போக்கன் இங்கிலீஷ், அழகுக்கலை, ஜெர்மன், பேக்கரி, இப்போது புதிதாக ஏ.ஐ. சமுதாயக் கல்லூரி நடத்துவதும், பெரிய கல்லூரி விடுமுறையில் நடத்துவதும், மாடிப்படி ஏறிப் போகிற தனியார் சென்டர் நடத்துவதும் நோட்டீஸில் ஒரே மாதிரிதான் தெரியும். எந்தப் பாடம் எடுப்பது என்று வீட்டில் ஒரு வாரம் பேசுவார்கள். பணம் வீணாவதோ பெரும்பாலும் பாடத்தால் அல்ல. தேர்வு எந்த மாதம், சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார் என்ற இரண்டையும் கேட்காமல் சேருவதால்தான்.

டைப்ரைட்டிங்கையே எடுத்துக்கொள்வோம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் அரசுத் தேர்வு வருடத்துக்கு இரண்டு முறைதான், பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும். ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை வேகம் வேண்டும், சீனியருக்கு 45. தினம் ஒரு மணி நேரம் வந்தால் ஜூனியர் எழுத ஏறக்குறைய ஆறு மாதப் பயிற்சி என்பது இன்ஸ்டிடியூட்களில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஏப்ரல் முதல் வாரத்தில் சேர்ந்தவருக்கே ஆகஸ்ட் இறுக்கம்தான். மே கடைசியில் சேர்ந்தவர் பிப்ரவரியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. விண்ணப்பம் போடும் கடைசித் தேதியும் தேர்வுக்கு வெகு முன்பே முடிந்துவிடும் என்பதால், சேரும் அன்றே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் நாட்கள் முழுக்க ஏ, எஸ், டி, எஃப் என்று ஒரே வரிசையைத் தாள் தாளாக அடிப்பதிலேயே போகும். சுண்டு விரல் சாவியை அழுத்த மறுக்கும், பார்க்காமல் அடி என்று பின்னாலிருந்து சத்தம் வரும். இதைத் தாண்டி விரல் பழகும் நேரத்தில் ஜூன் வந்துவிடும், கல்லூரி திறந்துவிடும், பலர் அதோடு நின்றுவிடுவார்கள். அதனால் இன்ஸ்டிடியூட் தேர்ந்தெடுக்கும்போது விடுமுறைக்கு வசதியான இடத்தைப் பார்க்காதீர்கள். கல்லூரி திறந்த பிறகும் காலை ஆறு மணி பேட்ச்சுக்கு நடந்து போகக்கூடிய இடமா என்று பாருங்கள். குரூப் 4 தட்டச்சர் வேலையை நினைத்துச் சேருபவர்களுக்கு இன்னொன்று: அதற்கு கம்ப்யூட்டர் ஆன் ஆபிஸ் ஆட்டோமேஷன் சான்றிதழும் கேட்பார்கள், அந்தத் தேர்வை வைப்பதும் இதே இயக்ககம்தான். பக்கத்துத் தெரு சென்டர் கொடுக்கும் எம்.எஸ். ஆபிஸ் சர்டிபிகேட் அதற்கு ஈடாகாது.

இந்தக் காலண்டர் சிக்கல் டைப்ரைட்டிங்கோடு முடிவதில்லை. தி.நகர் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் தேர்வுகளும் பிப்ரவரி, ஆகஸ்ட்தான். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்.பி.டெல். என்ற இணையவழிப் பாடங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், நடுவே வரும் மே மாதத்தில் அல்ல. ‘லீவில் என்.பி.டெல். முடித்துவிடுகிறேன்’ என்று கிளம்புகிற பிள்ளை வீடியோவைத்தான் பார்க்க முடியும். அதற்குப் பைசா செலவில்லை, தாராளமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் ஜூலைப் பருவத்தில் பெயர் கொடுத்து, தேர்வுக்குப் பணம் கட்டி, நேரில் போய் எழுத வேண்டும்.

சரி, கையெழுத்துக்கு வருவோம். ஏமாறுவது அதிகம் நடப்பது இங்கேதான்.

நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: ‘ஐ.எஸ்.ஓ. 9001:2015 தரச்சான்று பெற்றது, மத்திய அரசின் எம்.எஸ்.எம்.இ. பதிவு பெற்றது.’ பக்கத்தில் ஒரு அசோகச் சின்னமோ மூவர்ணப் பட்டையோ இருந்தால் அப்பா அம்மா அடுத்த கேள்வி கேட்பதில்லை. ஐ.எஸ்.ஓ. 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒழுங்காக நிர்வகிக்கிறதா என்பதற்கான சான்று. ஆணி செய்கிற பட்டறையும் வாங்கலாம். அங்கே நடத்தும் பாடத்துக்கு என்ன மதிப்பு என்று அது ஒன்றும் சொல்லாது. எம்.எஸ்.எம்.இ. என்று சொல்வது பெரும்பாலும் சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் மெஸ் நடத்துபவரும் தையல் கடைக்காரரும் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டுமே பொய் இல்லை. ஆனால் இரண்டாலும் உங்கள் பிள்ளையின் சான்றிதழுக்கு எந்த மதிப்பும் கூடாது.

கவுன்ட்டரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். “எக்ஸாம் யார் மேடம் வைப்பாங்க?” “நாங்களே வெச்சிடுவோம் சார், கவலையே படாதீங்க.” இந்தப் பதில் வந்தால் அது அந்த சென்டரின் சொந்தச் சான்றிதழ். அதற்காக அந்தப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கேக் செய்யக் கற்றுக்கொண்டு வீட்டிலிருந்து விற்கப்போகிறவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை, கைதான் பேசும். டேலியும் ஓரளவு அப்படித்தான்: ஆடிட்டர் ஆபிஸில் ஒரு பில்லைக் கொடுத்து என்ட்ரி போடச் சொல்லிப் பார்ப்பார்கள். அரசு வேலை, மேற்படிப்பு, வெளிநாடு என்று போகும்போதுதான் கையெழுத்து யாருடையது என்ற கேள்வி வந்து நிற்கும்.

சமுதாயக் கல்லூரி என்ற பெயரிலும் குழப்பம் உண்டு. டல்லாஸில் இருக்கும் அத்தை மகன் கோடை விடுமுறையில் வீட்டுப் பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் கணக்குப் பாடம் எடுத்து, குறைந்த செலவில் முடித்து, அதில் கிடைத்த கிரெடிட்டை (படித்த நேரத்துக்கான மதிப்பலகு) தன் பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்கிறான். அங்கே அது நடக்கும். அங்கேயும்கூட எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று முன்கூட்டியே தன் பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ளாமல் சேர்ந்தால் கிரெடிட் மாறாமல் போகலாம். ஒரு முழுப் பருவத்துப் பாடத்தை ஆறு எட்டு வாரத்தில் நெருக்கி நடத்துவதால் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் திணறுவதும் உண்டு.

நம் ஊரில் இந்தக் கல்லூரிகள் வேறு தேவையிலிருந்து வந்தவை. 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் தொடங்கியபோது, பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர்களையும் வசதியில்லாத பெண்களையும் ஒரு வேலைக்குத் தயார் செய்வதே நோக்கம். வாழ்க்கைத் திறன், தொழில் திறன், அப்புறம் ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி என்று பாடம் போகும். தமிழ்நாட்டில் பல சமுதாயக் கல்லூரிகள் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பேரில் டிப்ளமோ தருகின்றன. அதனால் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், நீங்கள் சேரப்போகிற அதே பாடம் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதே வாசலில் இரண்டு வகை வகுப்பு நடக்கும்: ஒன்று பல்கலைக்கழக டிப்ளமோ, இன்னொன்று கல்லூரி தானே நடத்தும் கோடை வகுப்பு. கோடை வகுப்பில் சேர்ந்துவிட்டு டிப்ளமோ வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

‘இரண்டு மாத டிப்ளமோ’ என்று யாராவது சொன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி ஒரு வருடப் படிப்பு என்றால் 1200 மணி நேரம், அதற்கு 40 கிரெடிட். அதாவது 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். தினம் ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம் வகுப்பு நடந்தால் மொத்தமே 60 மணி நேரம்தான் வரும். இரண்டு கிரெடிட். அதுவும் கிரெடிட் கொடுக்கும் அதிகாரமுள்ள நிறுவனமாக இருந்தால்தான்.

பணம் கட்டும்போது நடக்கிற தவறுகளைத் தவிர்ப்பது சுலபம், ஆனாலும் திரும்பத் திரும்ப நடக்கின்றன. முதலாவது, ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிடுவது. மேயில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கலை அறிவியல் கல்லூரிக்கும் பொறியியல் கவுன்சலிங்குக்கும் அந்தச் சான்றிதழ்கள்தான் வேண்டும். அப்போது பத்தாம் வகுப்பு ஒரிஜினல் ஒரு சென்டரின் பீரோவில் இருக்கும், பாக்கி கட்டினால்தான் வெளியே வரும். உயர்கல்வி நிறுவனங்களே ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018-லேயே சொல்லிவிட்டது. கோடை வகுப்புக்கு ஜெராக்ஸ் போதும். ஒரிஜினலைக் கேட்டால், காட்டிவிட்டுக் கையோடு வாங்கி வாருங்கள்.

இரண்டாவது, சொன்ன கட்டணத்தையே முழுக் கட்டணம் என்று எடுத்துக்கொள்வது. தனியார் கோச்சிங்குக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. மெட்டீரியல், தேர்வுக் கட்டணம், சர்டிபிகேட் சார்ஜ் என்று தனித்தனியாகவும் வரும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பதையும் அதே தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றிய யு.ஜி.சி. விதி தனியார் சென்டர்களைக் கட்டுப்படுத்தாது. ரசீது இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். ஜி.பே.யில் யாரோ ஒருவரின் சொந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு ரசீதும் வாங்காமல் வந்தால் அந்தப் புகாரும் கஷ்டம்தான்.

தூரத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். கத்திரி வெயிலில், மதியம் இரண்டு மணி வகுப்புக்கு, தாம்பரத்திலிருந்து அண்ணா நகர் என்பது மூன்றாவது வாரம் தாண்டாது.

பத்தாவதோடு அல்லது எட்டாவதோடு நின்ற பிள்ளைக்காக இருபதாயிரம் முப்பதாயிரம் புரட்டி ஏ.சி. மெக்கானிக், எலக்ட்ரீசியன் கோர்ஸில் சேர்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் தள்ளிப்போட்டு கிண்டிக்கோ அம்பத்தூருக்கோ ஒரு நடை போய் வரலாம். அங்கே அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். சான்றிதழ் மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழ். சேர்க்கை தொடங்குவதும் இதே கோடையில்தான், தேதியை மட்டும் அங்கேயே கேட்டு வந்துவிடுங்கள்.