கார்ப்போவ் – காஸ்பரோவ், லினாரெஸ் 1993: கறுப்பு வென்ற ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

செஸ் குறியீடு படிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த ஆட்டத்தைத்தான். ஸ்பெயினில் நடந்த லினாரெஸ் போட்டி. வெள்ளை முன்னாள் உலக சாம்பியன் கார்ப்போவ், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் மதிப்பெண்) 2725. கறுப்பு அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவ், 2805. நம் ஆனந்தும் ஆடிய போட்டி அது. நகர்வுப் பட்டியல் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும்.

1. ஓரத்தில் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட பலகையாக எடுங்கள். கறுப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். லிச்செஸ் என்ற செஸ் இணையதளம் இலவசம், விளம்பரமும் கிடையாது. ஆனாலும் முதல் முறை கையால்தான் நகர்த்த வேண்டும். திரையில் தட்டிக்கொண்டே போனால் எதுவும் மனதில் நிற்காது. சிறந்த நகர்வைக் கணித்துச் சொல்லும் கணினி நிரலான எஞ்சினைக் கடைசிவரை திறக்காதீர்கள்.

2. முதல் 12 நகர்வுகள் கிங்ஸ் இந்தியன் என்ற பெயருள்ள திறப்பு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறை. கடகடவென்று வைத்துவிடலாம்.

3. 13-ல் நிதானம் வேண்டும். கறுப்பின் பதில் 'என்எஃப்டி7'. என் என்றால் குதிரை, டி7 போய்ச் சேரும் கட்டம். நடுவில் எஃப் எதற்கு? எஃப்6, இ5 இரண்டிலும் கறுப்புக் குதிரைகள் நிற்கின்றன. இரண்டாலும் டி7-க்கு வர முடியும். எஃப் நெடுவரிசையில் நிற்பதுதான் வருகிறது என்று அந்த எழுத்து சொல்கிறது. 19-லும் 25-லும் இதே கதை. 13-ல் குதிரையை மாற்றி வைத்தால் 15-ல் நிலை தானாகவே சரியாகிவிடும், தவறு தெரியவே தெரியாது. 19-ல் மாற்றினால் தப்ப முடியாது: 25-ல் டி7-லிருந்து கிளம்ப வேண்டிய குதிரை அங்கே இருக்காது.

4. 22-ல் வெள்ளை தன் குதிரையை சி1-ல் வைத்ததும் சரிபாருங்கள். சிப்பாய்கள் நீங்கலாக வெள்ளையின் 7 காய்களும் முதல் கிடைவரிசையில் இருக்க வேண்டும். கார்ப்போவின் காய்கள் இப்படி ஒடுங்கிக் கிடப்பதைப் பார்க்கவே இந்த ஆட்டத்தை ஓட்டலாம்! ஒரு குதிரையையும் ராணியையும் பின்னுக்கு விரட்டியவை பி4, சி5 என்ற வெறும் சிப்பாய் நகர்வுகள்.

5. அடுத்து காஸ்பரோவ் ஏ2 யானையைக் காப்பாற்றவில்லை. சி சிப்பாயைத் தள்ளிக்கொண்டே போகிறார். 27-ல் குதிரை எஃப்2-க்கு வந்ததும் ஆட்டம் முடிந்தது.

பின்சேர்க்கை: 24-ல் சிப்பாய் டி1-ல் ராணியாகும்போது பழைய ராணியும் பலகையில் இருக்கிறதே, இன்னொரு ராணிக்கு எங்கே போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில், 23-ல் வெட்டுப்பட்ட யானையைத் தலைகீழாக வையுங்கள். போட்டியில் அப்படிச் செய்யாதீர்கள். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்படி தலைகீழ் யானையும் யானைதான். கடிகாரத்தை நிறுத்தி நடுவரிடம் ராணி கேட்டு வாங்குங்கள்.